"நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை வைத்துவிட்டால் முடிந்ததா?

கேள்வி: 2 ஜூன் 2025

"நேற்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு தீம் பார்க் போயிருந்தோம். தண்ணீர் ரைடுக்குப் போகும் முன் அம்மாவின் மூன்று பவுன் செயினையும் என் போனையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் இரண்டும் இல்லை. கேட்டால் சுவரில் இருக்கும் பலகையைக் காட்டுகிறார்கள். டிக்கெட்டின் பின்பக்கமும் 'விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது. அப்பா 'விடும்மா, போனது போனதுதான்' என்கிறார். அம்மா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?" (திருப்பூர் வாசகி)

2 ஜூன் 2025, இரவு 9.15

முடியும். விரிவாக நாளை எழுதுகிறேன். இன்றிரவே செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போனில் இருந்த வங்கிச் செயலிகளை நிறுத்தச் சொல்லி வங்கிக்குப் பேசுங்கள். சிம்மை முடக்கி, அதே எண்ணில் புது சிம்முக்கு எழுதிக் கொடுங்கள். டிக்கெட், சாப்பாட்டு பில், வண்டி நிறுத்திய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நேற்று எடுத்த போட்டோக்களை அழிக்காதீர்கள். உங்கள் போன் போயிருந்தாலும் தம்பி போனில், சித்தி போனில் இருக்கும். அம்மா கழுத்தில் செயின் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, நேற்றைய தேதியில் கிடைத்தால் அது பெரிய சாட்சி.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

3 ஜூன் 2025, காலை 6.30

தூக்கம் வரவில்லை. எங்களுக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். பார்க்கின் பெயர் வேண்டாம்.

2023 மே 14, அதுவும் ஞாயிறு. நான், மனைவி, ஒன்பது வயது மகள், மைத்துனர் குடும்பம். கரூரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். தண்ணீர் ரைடு வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டு, "நகை எல்லாம் கழற்றிடுங்க மேடம், உள்ளே போட்டுப் போகக் கூடாது" என்றான். பக்கத்திலேயே பை வைக்கும் கவுன்ட்டர். மனைவி நான்கு பவுன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தாள். அவள் அம்மா 2014-ல் வாங்கிக் கொடுத்தது. என் போனையும் அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தையும் அதே பையில் போட்டேன். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு காகிதச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எண் 117. அதே எண்ணைப் பையிலும் ஒட்டினார்கள்.

தண்ணீரில் ஆடப் போகிறவர்களுக்குக் காகிதச் சீட்டு! அதை எங்கே வைத்துக்கொள்வது? கால்சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். நாலரை மணிக்குத் திரும்பி வந்தபோது அது கூழாகியிருந்தது. எண்ணைச் சொன்னேன். "117 கொடுத்தாச்சே சார், ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார்கள். நனைந்த சீட்டை யாரோ காட்டியிருக்கிறார்கள், அதில் எண் தெரிந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் சத்தம் போட்டேன். மேலாளர் வந்தார், பலகையைக் காட்டினார். செக்யூரிட்டி வந்தார், அவரும் பலகையைக் காட்டினார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். வேன்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கிளம்பிவிட்டோம்.

நான் செய்த முதல் தவறு அதுதான். எழுத்தில் ஒரு வரிகூட வாங்காமல் அந்த வாசலைத் தாண்டினேன். இரண்டு மணி நேரம் கத்தியதற்குப் பதிலாக, பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு வேனில். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

3 ஜூன் 2025, மதியம்

மறந்துவிட்டேன், இது அவசரம். சிசிடிவி பதிவு நிரந்தரமாக இருக்காது. கருவியின் கொள்ளளவைப் பொறுத்து இரண்டு வாரமோ ஒரு மாதமோதான், பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். "ஜூன் 1, காலை 10 முதல் மாலை 6 வரை, பொருள் வைக்கும் இடத்தைக் காட்டும் கேமராப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்" என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே ஒப்புகை அட்டையோடு தபாலிலும் அனுப்புங்கள். நான் இருபதாவது நாள்தான் எழுதினேன். பதினைந்து நாள் பதிவுதான் இருக்கும் என்று பதில் வந்தது.

4 ஜூன் 2025

அந்தப் பலகையைப் பற்றி. இங்கே கருத்துப் பகுதியில் நாலைந்து பேர் "டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே, நீங்கள் ஒத்துக்கொண்டுதானே உள்ளே போனீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வக்கீல் அண்ணன்தான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

ஒரு பொருளை நம்பி ஒருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பிரிவு 148. சட்டத்தமிழில் ஒப்படைப்பு என்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 151 சொல்கிறது. சலவைக்கடை, தையற்கடை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் இதற்குள்தான் வரும்.

சலவைக்கடை என்றதும் நினைவுக்கு வருவது நம் ஊர் வழக்கு ஒன்று. மெட்ராஸில் ஒரு சலவைக்கடையில் போட்ட புதுப் புடவை காணாமல் போய்விட்டது. ரசீதில், துணி தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று அச்சடித்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1966-ல் பதிவான தீர்ப்பு. காரணத்தை யோசித்துப் பாருங்கள்: பாதி விலை கொடுத்தால் போதும் என்றால், கடைக்காரர் நல்ல புடவையாகப் பார்த்துத் தானே வைத்துக்கொண்டு பாதியை நீட்டிவிடலாமே. அப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம். பாதி தருகிறேன் என்பதற்கே இந்தக் கதி என்றால், ஒன்றுமே தரமாட்டேன் என்ற பலகையை மட்டும் ஏன் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனவர் வண்டியை நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். சீட்டில் 'உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தது. வண்டி திருட்டுப் போனது. நடந்தது 1998-ல், இறுதித் தீர்ப்பு 2019-ல். சாவியை வாங்கிக்கொண்ட பிறகு அந்த அச்சிட்ட வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. தான் சரியாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்று காட்ட வேண்டியதும் ஓட்டல்தான்.

பலகை எங்கே இருந்தது என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் 1949-ல் பதிவான ஒரு வழக்கு. ஓட்டல் அறையிலிருந்து ஒரு பெண்மணியின் விலங்கு ரோமத்தாலான அங்கிகள் திருடு போயின. நாங்கள் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு அறைக்குள்ளே மாட்டியிருந்தது. வரவேற்பில் பணம் கட்டியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அறைக்குள் போய்ப் பார்க்கிற பலகை அதில் சேராது என்றார்கள். வாசலில் பணம் கட்டி உள்ளே போன பிறகு கண்ணில் படுகிற பலகையும் அப்படித்தான் என்று நீங்கள் வாதிடலாம். டிக்கெட்டின் பின்பக்கம் வேறு விஷயம், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

5 ஜூன் 2025, காலை

திருத்தம். பெரிய திருத்தம்.

நேற்று எழுதியதெல்லாம் கவுன்ட்டரில் ஆளிடம் கொடுத்த பைக்குப் பொருந்தும். கேள்வி கேட்ட நம் திருப்பூர் சகோதரி இன்று தெளிவாக எழுதியிருக்கிறார்: அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வாடகை லாக்கர். சாவி ரப்பர் வளையத்தில் கோர்த்து அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது பூட்டு உடையவில்லை, உள்ளே துண்டு இருந்தது, செயினும் போனும் வைத்திருந்த பர்ஸ் இல்லை.

இது வேறு கதை. நான் அவசரப்பட்டு என் அனுபவத்தை அவர் வழக்கின் மேல் போர்த்திவிட்டேன்.

இதற்கும் மெட்ராஸில் ஒரு பழைய வழக்கு உண்டு, 1938-ல் பதிவானது. ஒரு அம்மாள் பழைய நகைகளை உருக்கிப் புதிதாகச் செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும், பாதி செய்த நகைகளைத் திரும்ப வாங்கி, ஆசாரி வீட்டு அறையிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஒரு நாள் இரவு திருட்டுப் போனது. சாவி அவரிடம் இருந்தது, நகையை அவர் திரும்ப வாங்கிவிட்டார், ஆகவே அந்த இரவில் ஆசாரியிடம் ஒப்படைப்பே இல்லை என்று தீர்ப்பு. அம்மாளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பார்க் நிர்வாகத்தின் வக்கீல் இதைத்தான் எடுப்பார். "சாவி உங்கள் கையில்தானே இருந்தது?" என்பார்.

5 ஜூன் 2025, இரவு 11 மணி

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு சகோதரி "அப்போ எனக்கு வழியில்லையா அண்ணா" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது. காலையிலேயே சேர்த்து எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

வங்கி லாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு சாவி நம்மிடம்தான். உள்ளே என்ன வைத்தோம் என்று வங்கிக்குத் தெரியாது. பல காலம் வங்கிகள் இதைச் சொல்லித்தான் கையை விரித்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் வழக்கில், உள்ளே இருந்தது என்ன என்ற கேள்வியைத் தனியாக வைத்துவிட்டு, லாக்கரைப் பத்திரமாக நடத்த வேண்டிய கடமை வங்கிக்குத் தனியாக உண்டு, அதில் தவறினால் அது சேவைக் குறைபாடு என்றது. ஐந்து லட்சம் இழப்பீடும் ஒரு லட்சம் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கி விதிகளை மாற்றியது. 2022 ஜனவரி 1 முதல், திருட்டு, தீ, ஊழியர் மோசடி மாதிரியான காரணங்களால் லாக்கர் பொருள் போனால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கியின் பொறுப்பு.

தீம் பார்க்குக்கு அந்த ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது. ஆனால் நீதிமன்றம் காட்டிய வழி பொருந்தும். 'ஒப்படைத்தேன்' என்று வாதிட வேண்டாம். 'பணம் வாங்கிக்கொண்டு லாக்கர் என்ற சேவையைக் கொடுத்தீர்கள், அந்தச் சேவை குறைபாடுள்ளது' என்று வாதிடுங்கள். பூட்டு உடையாமல் திறந்திருக்கிறது என்றால் இன்னொரு சாவி இருக்கிறது, அல்லது ஒரே சாவி பல லாக்கரைத் திறக்கிறது, அல்லது பூட்டு சரியில்லை. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்? யாரெல்லாம் எடுக்கலாம், அதற்குப் பதிவேடு உண்டா? லாக்கர் வரிசையைக் கேமரா பார்க்கிறதா? இதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் கேளுங்கள். நகையைக் கழற்றச் சொன்னது அவர்கள், இங்கே வையுங்கள் என்று லாக்கரைக் காட்டியதும் அவர்கள். நுகர்வோர் ஆணையத்தில் போடும் புகாரில் இந்த இரண்டும் முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

9 ஜூன் 2025

கும்பகோணத்து அக்கா கேட்டது: வேவ் பூலில் குளிக்கும்போது தோடு கழன்று விழுந்துவிட்டது, அதற்கும் பார்க்தான் பொறுப்பா?

அக்கா, அது கஷ்டம். பொருள் நம் உடம்பிலேயே இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ரயிலில் ஒரு வியாபாரி இடுப்பு பெல்ட்டில் ஒரு லட்சம் ரூபாய் கட்டி வைத்திருந்தார், தூங்கும்போது திருட்டுப் போய்விட்டது. கீழே உள்ள நுகர்வோர் ஆணையங்கள் அவர் பக்கம்தான் சொன்னன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: பயணி தன்னோடு வைத்திருந்த பொருளை அவரே காப்பாற்ற முடியவில்லை என்றால் ரயில்வே சேவையில் குறைபாடு என்று சொல்ல முடியாது.

ஆனாலும் கேட்பதை நிறுத்த வேண்டாம். தங்கம் கனமானது, அடியில்தான் கிடக்கும் அல்லது தண்ணீர் வெளியேறும் கம்பிவலையில் தங்கும். அன்று மூடும் நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், குளத்தைச் சுத்தம் செய்யும் நாளில் பார்க்கச் சொல்லுங்கள், தோட்டின் அடையாளத்தோடு எழுதிக் கொடுங்கள். யார் கையில் கிடைத்தாலும், கண்டெடுத்தவருக்கு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 71-ன்படி, ஒப்படைக்கப்பட்டவருக்கு இருக்கிற அதே பொறுப்பு உண்டு. உரிமையாளர் யார் என்று தெரிந்தும் எடுத்து வைத்துக்கொண்டால் அது குற்றம்.

9 ஜூன் 2025, சற்று முன்

நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட எவ்வளவு கட்டணம் என்று கேட்ட சேலத்துத் தம்பிக்கு நேற்று பதில் எழுதும்போது "நீங்கள் கேட்கும் இழப்பீடு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை" என்றேன். தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கணக்கு மாறிவிட்டது. நாம் கேட்கும் தொகையை வைத்தல்ல, நாம் அந்தச் சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம். கொடுத்தது ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையம். இந்தக் கணக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் இந்த ஏப்ரலில் சொல்லிவிட்டது. தீம் பார்க் டிக்கெட் எவ்வளவு இருந்தால் என்ன, மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் இல்லை.

பார்க் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. நான் கரூரில்தான் போட்டேன், அவர்கள் வக்கீல்தான் பஸ் ஏறி வந்தார். நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம்.

15 ஜூன் 2025

சகோதரிக்கு பார்க்கிலிருந்து போன் வந்திருக்கிறது. "நல்லெண்ணத்தின் அடையாளமாக" நான்கு பேருக்கு இலவச டிக்கெட்டாம்.

எங்களுக்கும் அதேதான் வந்தது! அப்போது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இப்போது யோசித்தால், அந்தப் போனையே நான் சரியாகப் பயன்படுத்தவில்லை. கோபத்தில் வைத்துவிட்டேன். நீங்கள் அமைதியாக, "மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அனுப்பினால் அன்று நீங்கள் அங்கே வந்ததையும் பொருள் போனதாகப் புகார் கொடுத்ததையும் அவர்களே எழுத்தில் ஒத்துக்கொண்ட மாதிரி. டிக்கெட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். "இத்துடன் முழுத் தீர்வு" என்று எதிலாவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

1915-க்குப் பேசினீர்களா? தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். அந்தப் புகார் எண்ணும் கோப்பில் ஒரு தாள்.

22 ஜூன் 2025

போலீஸ் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். அனுபவத்திலிருந்து ஒன்றுதான் சொல்வேன்: எந்த வார்த்தையை எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.

நான் போன நிலையத்தில் ரைட்டர் அய்யா நல்ல மனிதர்தான். ஆனால் அவராகவே "கைப்பை தொலைந்துவிட்டதாக" என்று எழுத ஆரம்பித்தார். தொலைந்தது என்றால் நான் தொலைத்தேன் என்று ஆகிவிடும். நான் தொலைக்கவில்லை, கொடுத்தேன், அவர்கள் திருப்பித் தரவில்லை. எழுந்து நின்று, "அய்யா, 'கட்டணம் பெற்றுக்கொண்டு வாங்கி வைத்த பையைத் திரும்பத் தரவில்லை' என்று எழுதுங்கள்" என்றேன். எழுதினார். ஒரு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல், புகாருக்கு நிலையத்தில் கொடுத்த அந்த சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, அப்படியே கீழே வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் விஷயத்தில் "கட்டணம் செலுத்திய லாக்கரில் பூட்டி வைத்த பொருள், பூட்டு உடைக்கப்படாத நிலையில், காணவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173-ஐச் சொல்லுங்கள். திருட்டு போன்ற குற்றத்தை எந்த நிலையத்திலும் சொல்லலாம், எல்லையைக் காரணம் காட்டக் கூடாது.

போனுக்கு: புகார் நகல், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., அதே எண்ணில் வாங்கிய புது சிம் மூன்றும் கையில் இருந்தால், மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்கலாம். ஐ.எம்.இ.ஐ. எண் போன் வந்த பெட்டியில் ஒட்டியிருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் வாங்கிய பில்லில் பாருங்கள்.

30 ஜூன் 2025

செயின் இருந்ததற்கு என்ன ஆதாரம்? பில் இல்லை என்கிறார் சகோதரி.

நகைக்கடைக்குப் போய் அப்பாவின் போன் எண்ணைச் சொல்லிப் பழைய பில் நகல் கேளுங்கள், கணினியில் இருக்க வாய்ப்பு உண்டு. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி., அதாவது அந்த நகைக்கே உரிய ஹால்மார்க் அடையாளக் குறியீடு இருக்கும். அதற்கு முன் வாங்கியது என்றால், எப்போதாவது அடகு வைத்தீர்களா?

(சேர்ப்பு, அன்று மாலை: வைத்திருக்கிறார்கள்! தம்பி கல்லூரிக் கட்டணத்துக்காகக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். மதிப்பீட்டாளர் எடை போட்ட சீட்டு இருக்கிறது, 24 கிராமுக்குச் சற்று மேல். இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. கஷ்ட காலத்தில் வாங்கிய ரசீது இப்போது கைகொடுக்கிறது.)

எவ்வளவு கேட்பது என்பதில் நான் ஏமாந்தேன். எங்கள் பில் 2014-ல் போட்டது, பவுன் இருபத்தோராயிரத்தை ஒட்டி இருந்த காலம். அந்த விலையைத்தான் எதிர்த்தரப்பு சொன்னது. நாங்கள் போன நாள் விலை கேட்டோம், 2023 மேயில் பவுன் நாற்பத்தைந்தாயிரம் சொச்சம். ஆணையம் எங்கள் கணக்கை ஏற்றது, புகார் போட்ட நாளிலிருந்து ஒன்பது சதவீத வட்டியும் கொடுத்தது. ஆனால் உத்தரவு வந்தது 2025 மார்ச். அப்போது பவுன் அறுபத்தைந்தாயிரம். இரண்டு மாதம் கழித்துக் காசோலை வந்தபோது அதற்கும் மேல். செயினுக்காக வந்த பணத்தை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனோம். நான்கு பவுன் போன இடத்தில் மூன்று பவுன்கூட முழுதாக வரவில்லை.

ஆகவே புகாரில் "அதே எடையும் தரமும் உள்ள தங்க நகை, அல்லது பணம் கொடுக்கும் நாளின் சந்தை மதிப்பு" என்று கேளுங்கள். கிடைக்குமா என்பது ஆணையத்தின் கையில். கேட்காததைக் கொடுக்கமாட்டார்கள்.

அப்பாவின் கடிகாரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பில் இல்லை, போட்டோ இல்லை. என்ன விலை என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

12 ஜூலை 2025

"பார்க்குக்குப் போகும்போது எதற்கு நகை? பெண்களுக்கு இந்த ஆசை விடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு பேர் ஆமோதித்திருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

அந்த இரண்டாவது தவறு இதுதான். வேன் கிளம்பிப் பத்து நிமிடத்தில் நானும் இதையேதான் சொன்னேன். மைத்துனர் குடும்பத்தின் முன்னால், மகள் முன்னால், "உன்னை யார் போட்டுக்கொண்டு வரச் சொன்னது?" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. திருச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பையைக் கவுன்ட்டரில் கொடுத்தது நான். சீட்டை நனைத்தது நான். தவறான ஆளிடம் எடுத்துக் கொடுத்தது அவர்கள். திட்டு வாங்கியது அவள்.

கழுத்தில் கிடக்கும் சங்கிலியை வீட்டில் யாரும் இல்லாத நாளில் பீரோவில் வைத்துவிட்டு வரவும் பயம், போட்டுக்கொண்டு வரவும் பயம். வெறும் கழுத்தோடு வந்தால் உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதும் உண்மை. இதை ஆசை என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. உள்ளே வருகிற பெண்களில் பாதிப் பேராவது நகையோடுதான் வருவார்கள் என்று அந்த பார்க்குக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் கழற்றச் சொல்லி வாசலில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். கழற்றச் சொல்கிறவர்கள் வைக்க நல்ல இடமும் கொடுக்க வேண்டும்.

வழக்குப் போட வேண்டும் என்று சொன்னது அவள்தான். "பணம் வரலேன்னாலும் பரவால்ல, என் தப்பு இல்லைன்னு ஒருத்தர் எழுதணும்" என்றாள். உத்தரவின் நான்காம் பக்கத்தில், "புகார்தாரர் தரப்பில் கவனக்குறைவு இருந்ததாகக் கூற இயலாது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அவள் பீரோவில் வைத்திருக்கிறாள்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் சகோதரி.

13 ஜூலை 2025

மதுரைத் தம்பிக்கு: ஆணையம் நம் பக்கம் உத்தரவு போட்டாலும் பார்க் நிர்வாகம் மேல்முறையீடு போகலாம், 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு. ஆனால் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. எங்கள் வழக்கில் அது வரை போகவில்லை, நிறைவேற்ற மனு போடுவோம் என்று ஒரு கடிதம் எழுதினோம், காசோலை வந்துவிட்டது.

3 ஆகஸ்ட் 2025

சகோதரி இணையம் வழியாகவே புகாரைப் பதிவு செய்துவிட்டார். முன்பு இ-தாக்கில் என்று இருந்தது, இந்த ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி. ஆகஸ்ட் 21 வியாழன் வாய்தா. வக்கீல் வைக்கவில்லை, அவரே பேசப் போகிறார். லாக்கர் மாற்றுச் சாவிப் பதிவேடு பற்றிய கேள்விக்கு பார்க் இன்றுவரை பதில் எழுதவில்லை என்கிறார். அந்தக் கடிதத்தையும், அது போய்ச் சேர்ந்த ஒப்புகை அட்டையையும் கோப்பில் முதலில் வையுங்கள்.

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். அடகுச் சீட்டின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். நகல் போதும் என்று போய், அசல் கேட்டதால் எனக்கு ஒரு வாய்தா வீணானது. அம்மா வர விரும்பினால் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார நாற்காலி இருக்கும்.